செக்கு வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்: புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு

திருப்பூரில் பனியன், கரூரில் வீட்டு உபயோகத் துணி, கோவையில் பம்புசெட்டும் கிரைண்டரும், பவானியில் ஜமக்காளம், நாமக்கல்லில் கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. நம் கொங்குப் பக்கம் எந்த ஊரில் நின்றாலும் கண்ணுக்கு எதிரே நாலு பேர் சொந்தத் தொழில் செய்கிறார்கள். அதைப் பார்த்து வளர்கிறவர்களுக்கு ஆசை வராமல் இருக்காது. ஆனால் ஆசை வந்ததும் முதலில் விசாரிப்பது மெஷின் விலையை. "ஏனுங்க்கா, செக்கு ஒண்ணு என்ன விலைங்க வரும்?" என்றுதான் என்னிடமும் கேட்கிறார்கள்.

காங்கேயம் பக்கம் எண்ணெய்ச் செக்கு வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. மெஷின் கடைசியில் வாங்க வேண்டியது என்பதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அப்படிக் கற்க வேண்டியதில்லை. கடலை எண்ணெயை வைத்துச் சொல்கிறேன். மசாலாப் பொடி அரைத்தாலும், நாலு பவர் டேபிள் போட்டுத் தையல் நடத்தினாலும் போகிற வழி இதுதான்.

படி 1: ஆறு மாதம் அடுத்தவரிடம் வேலைக்குப் போங்கள்

இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் இருந்து வந்தவர்கள். ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகக் கோவையில் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். வாங்கிய வண்டியைப் பிரித்துப் போட்டு அது ஓடும் விதத்தைப் படித்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தது அதற்கெல்லாம் பிறகு.

வேலைக்குப் போகும் இடத்தில் மெஷின் ஓட்டுவதைவிட முக்கியமாகப் பழக வேண்டியது சரக்குப் பார்க்கும் கை. நிலக்கடலைப் பருப்பில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பருப்பில் சிவப்புத் தோல் சுலபமாக உரிந்துவிடும். பல்லில் வைத்துக் கடித்தால் படக்கென்று உடையும். ஈரம் இருந்தால் தோல் ஒட்டிக்கொண்டு வரும், பருப்பு நசுங்கும். அதை மூட்டை கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், எண்ணெயில் காறல் வாடை வரும். இந்தப் பழக்கத்தை எந்த வீடியோவும் தராது. தினமும் பத்து மூட்டை பிரிக்கிற இடத்தில்தான் அது கைக்கு வரும்.

படி 2: ஐம்பது லிட்டர் விற்றுப் பாருங்கள்

உணவுப் பொருள் என்பதால் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை முதலிலேயே போட்டுவிடுங்கள். பிறகு 125 கிலோ பருப்பு வாங்கி, ஏற்கெனவே செக்கு வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஆட்டுங்கள். சொந்தக்காரர்களுக்கு விற்காதீர்கள், அவர்கள் உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள். தெரியாத நாற்பது வீட்டுக்குக் கொடுங்கள். அதில் யார் இரண்டாம் தடவை தானாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள். உங்கள் வியாபாரம் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

படி 3: அடக்க விலை போடக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். பேனா எடுத்துக்கொள்ளுங்கள். விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 2.5 கிலோ பருப்பு. கிலோ 130 ரூபாய் என்றால் 325. ஆட்டுகிற கூலியும் கரண்டும் 20. பாட்டில், மூடி, லேபிள் 14. வண்டி வாடகை 6. ஆக 365. மாட்டுக்காரர்களுக்குப் போகும் புண்ணாக்கு 1.4 கிலோ, கிலோ 40 என்றால் 56 ரூபாய் திரும்பி வரும். மீதி 309.

பெரும்பாலானவர்கள் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். "309 அடக்கம், 330-க்குக் கொடுத்தால் 21 ரூபாய் லாபம்" என்று சந்தோஷமாக விற்கத் தொடங்குகிறார்கள். நானும் முதல் ஏழு மாதம் அப்படித்தான் விற்றேன். கூட்டம் வந்தது, கையில் காசு நிற்கவில்லை.

விட்டுப்போனது எது? கடை வாடகை 6,000. கடன் தவணை 5,000. உங்கள் சம்பளம் 15,000. மாதம் 26,000. ஒரு லிட்டர்கூட விற்காவிட்டாலும் இது போகும். மாதம் 300 லிட்டர் விற்றால் லிட்டருக்குச் சுமார் 87 ரூபாய் ஏறும். அப்போது உண்மையான அடக்கம் 396. 330-க்கு விற்றால் ஒவ்வொரு லிட்டருக்கும் 66 ரூபாய் கைவிட்டுப் போகிறது.

விலையை 420 வையுங்கள். 420-ல் 309 போக 111. 26,000-ஐ 111-ஆல் வகுத்தால் 235 வருகிறது. மாதம் 235 லிட்டர், அதாவது 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு ஒன்பது லிட்டர் விற்றால்தான் தட்டுக்குத் தட்டு, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு லிட்டரிலும் 111 ரூபாய் நிற்கும். இந்த ஒன்பது என்ற எண்ணைக் கல்லாப்பெட்டி மேல் ஒட்டி வையுங்கள்.

தன் சம்பளத்தை எழுதக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. குறிப்பாகப் பெண்கள். "வீட்டு வேலையோட செய்யறதுதானே" என்கிறார்கள். தயவுசெய்து எழுதுங்கள் அம்மிணி. உங்கள் உழைப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும்.

படி 4: வசூல்

பருப்பு ரொக்கத்துக்கு வாங்குகிறோம். மளிகைக்கடைக்குக் கடனுக்குக் கொடுக்கிறோம். நடுவில் மாட்டிக்கொள்வது நம் பணம். 300 லிட்டரில் பாதி கடைகளுக்கு ஒரு மாதக் கடனில் போனால் 63,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். பதினைந்து நாளுக்கான பருப்பு 48,750. ஒரு மாதச் செலவு 26,000. மொத்தம் 1,37,750. மெஷின் விலை இதில் சேராது. தொழிலை ஓட்டுவதற்கான இந்த முதலீடு கையில் இல்லாமல் முழுப் பணத்தையும் மெஷினில் போட்டவர்கள்தான் மூன்றாம் மாதம் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு கடைக்காரர் "அடுத்த வாரம் பாத்துக்கலாம் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே 16,000 ரூபாய் பாக்கி வைத்தார். பிறகு ஒருநாள் போனால் கடை பூட்டிக் கிடந்தது. என்னிடம் அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து பில்லில் கையெழுத்து இல்லாமல் சரக்கு இறக்குவதில்லை. பழைய பில் தீராமல் மூன்றாவது பில் போடுவதில்லை. வசூலுக்கு வெள்ளிக்கிழமை மட்டும். அன்று வேறு வேலை வைப்பதில்லை.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். கேட்பதற்குக் கையில் பில் இருக்க வேண்டும்.

படி 5: காகிதங்கள்

உத்யம் பதிவுக்கு ஆதார், பான் போதும். கட்டணம் கிடையாது, காசு கேட்கிற இணையதளம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கட்டாயம். நம் கணக்கில் 15,12,000-தான் வருகிறது. ஆனால் பாலக்காட்டுக் கடைக்கு எண்ணெய் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை, அதற்கு ஜி.எஸ்.டி. பதிவு முதலிலேயே வேண்டும். பொள்ளாச்சிக்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

படி 6: வங்கி, மானியம், பிறகு மெஷின்

மாவட்ட தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் மானியத் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். 5 லட்சத் திட்டம் என்றால் 25,000 நீங்கள் போட வேண்டும், 4,75,000 வங்கி தரும், மானியம் 1,75,000. அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். ஆகவே அதை நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று, இது புதிய யூனிட்டுக்கு மட்டும். மெஷினை வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டுப் போய் நின்றால் கிடைக்காது. எந்தப் பதிவை எப்போது போடுவது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் அனுமதியான பிறகு, செக்கு விற்பவரிடம் உங்கள் சொந்தப் பருப்பு 25 கிலோவை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் கண் முன்னால் ஆட்டச் சொல்லுங்கள். பத்து லிட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். எண்ணெயையும் புண்ணாக்கையும் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அட்வான்ஸ் மறுநாள் கொடுக்கலாம்.