கிளாஸ் டி ஆம்ப்: வாங்கும்போதும் கேட்கும்போதும் செய்யும் தவறுகள்

கிளாஸ் டி என்பது, டிரான்சிஸ்டர்களை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வகை. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, கூடவே ஒரு அடாப்டர், விளம்பரத்தில் ‘300 வாட் + 300 வாட்’. அந்த 300-ஐ அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. இந்த வகை ஆம்ப்கள் பலவற்றில் இருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிபிஏ3255 சிப், 4 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 315 வாட் தரும். ஆனால் அது சுமார் 50 வோல்ட் சப்ளையில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) எடுத்த கணக்கு. அந்த அளவு டிஸ்டார்ஷனில் யார் பாட்டுக் கேட்பார்கள்?

பெட்டியோடு வருவதோ பல நேரம் 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். அதன் மொத்தக் கொள்ளளவே 160 வாட். அதிலிருந்து 600 வாட் தொடர்ந்து எப்படி வரும்? ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சப்ளை வோல்ட்டேஜை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். 32 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 64 வாட்தான் உச்சம். 48 வோல்ட் என்றால் 144. சரி, அதற்காக உடனே பெரிய அடாப்டர் வாங்க ஓடவும் வேண்டாம். 64-க்கும் 144-க்கும் சத்தத்தில் வித்தியாசம் மூன்றரை டெசிபல்தான்; சாதாரண ஹாலில் பலருக்கு அது தேவையே படாது.

‘கிளாஸ் டி என்றாலே ட்ரெபிள் (உச்ச ஒலிகள்) கூசும்’ என்று ஒதுக்குவது அடுத்த தவறு. புகாருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த ஆம்ப்களின் வெளியீட்டில் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஒரு ஃபில்டர் உண்டு. பிழையைத் திருத்த வெளியீட்டில் ஒரு பங்கை ஆம்புக்கே திருப்பி அனுப்புவது ஃபீட்பேக். அதை அந்த ஃபில்டருக்கு முன்னாலேயே எடுத்துவிட்டால், ட்ரெபிளின் அளவு ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைப் (ஓமில் சொல்லும் மின் எதிர்ப்பை) பொறுத்து ஏறும், இறங்கும். ஒரே ஆம்ப் ஒரு வீட்டில் கூசுவதும் இன்னொரு வீட்டில் மங்குவதும் இதனால்தான். பிலிப்ஸில் இருந்தபோது பொறியாளர் புரூனோ புட்ஸீஸ் வடிவமைத்த யூசிடி என்ற கிளாஸ் டி சர்க்யூட், ஃபில்டரைத் தாண்டி ஃபீட்பேக் எடுத்தது. பின்னால் வந்த ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், ப்யூரிஃபை நிறுவனத்தின் ஐகன்டாக்ட் எல்லாம் அதே வழிதான். அவற்றில் இந்தக் குறை பெயருக்குக்கூட இல்லை என்பேன். ஆகவே வகையைப் பார்க்காதீர்கள். 4 ஓமுக்கும் 8 ஓமுக்கும் தனித்தனியாக எடுத்த ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் (தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை அளவைக் காட்டும்) கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம், இரண்டு ஆம்ப்களை மாற்றி மாற்றிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. வால்யூமைக் காதால் சமன் செய்தால் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பில்லை. அரை டெசிபல் கூடினால் ‘சத்தம் கூட’ என்று தோன்றாது, ‘தெளிவு கூட’ என்றுதான் தோன்றும். 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு சதவீதத்துக்குள் சமன் செய்யுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றட்டும்.

இப்படி ஆம்ப்களை மாற்றிக் கேட்பதற்கென்று ஸ்விட்ச் பாக்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆம்ப்களில் பெரும்பாலும் ஸ்பீக்கருக்கான கறுப்பு முனை கிரவுண்ட் அல்ல. சிவப்பைப் போல அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு சேனலின் கறுப்பு முனைகளையும் உள்ளே ஒன்றாக இணைக்கும் பெட்டியில் மாட்டினால் சிப் போய்விடலாம். ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து வயர் இழுத்து சப்வூஃபரின் ஸ்பீக்கர்-லெவல் இன்புட்டில் கொடுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மாட்டும் முன் மேனுவலைப் பாருங்கள்.