ஹப்பில் பிடித்துக்கொண்ட ஆக்சில்: சுத்தியலைத் தூக்கும் முன்

என் பட்டறை மேசைக்கடியில் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான ஆக்சில் ஒன்றின் நுனித் துண்டு கிடக்கிறது, ஒரு சாண் நீளம்கூட இருக்காது. பழைய உளியின் தலை மாதிரி அதன் முனை மலர்ந்துபோய், மரையின் முதல் நான்கு சுற்றும் நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தது; அதை மாற்றத்தான் அந்தக் காரின் சொந்தக்காரர் வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தார். கடைசியில் ஆக்சில், வீல் பேரிங் இரண்டையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அவரிடம் பலம் குறைவில்லை. அடித்த அடி எங்கே போய்ச் சேருகிறது என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கிறது.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஆக்சிலின் வெளிமுனை பல்லுப் பல்லாக இருக்கும். சக்கரத்தை மாட்டும் மையத் துண்டான ஹப்பின் உள்துளையிலும் அதே அளவில் பற்கள். புதிதாக இருக்கும்போது நட்டைக் கழற்றிக் கையால் தள்ளினாலே உள்ளே போய்விடும். இந்தப் பல் இடுக்கில் ஈரம் இறங்கினால் துரு பிடிக்கும். துருவாக மாறும் இரும்பு, முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் அது வீங்குவதால், ஆப்பு அடித்து இறுக்கியது போலாகிவிடுகிறது. எங்கள் தூத்துக்குடியில் உப்புக் காற்று ஒரு பக்கம். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்போது சக்கரம் மூழ்க நின்ற கார்கள் இன்னொரு பக்கம். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும் கார்கூட நட்டைக் கழற்றிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும்.

முதல் தவறு நட்டிலேயே நடக்கிறது. பல கார்களில் நட்டின் விளிம்பை ஆக்சில் ஷாஃப்டின் பள்ளத்துக்குள் குத்தி மடக்கி வைத்திருப்பார்கள். அந்த மடக்கை மெல்லிய உளியால் முழுதாக நிமிர்த்தாமல் ஸ்பேனரைப் போட்டால், நட்டு வரும்போது மரையையும் சீவிக்கொண்டு வரும். நட்டு இளகும்வரை சக்கரம் தரையில் இருக்கட்டும், உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். சின்னக் கார்களிலேயே இது சுமார் 200 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருக்கும், ஸ்பேனருக்குப் பைப் போட்டுத்தான் திருப்ப வேண்டியிருக்கும். காரை ஜாக்கில் தூக்கி வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தால் கார் சரிந்து விழலாம். நட்டு இளகியதும் காரைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, அப்புறம் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

இனி சுத்தியல். ஆக்சில் நுனியில் ஓங்கி அடித்தால் அந்த அடி துருவை மட்டும் உடைப்பதில்லை. ஆக்சில் ஹப்போடு ஒட்டியிருக்கிறது, ஹப் பேரிங்கின் உள்வளையத்தில் இறுகியிருக்கிறது. ஆகவே நீங்கள் தள்ளுவது ஹப்பையும் சேர்த்துத்தான். அதைத் தாங்கி நிற்பவை பேரிங்கின் குண்டுகள். ஒவ்வொரு அடிக்கும் அவை ஓடும் பாதையில் நகக்குறி மாதிரி சின்னப் பள்ளம் விழுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து 60 கிலோமீட்டர் வேகத்தில் ‘ஹூம்’ என்று ஒரு சத்தம் ஆரம்பிக்கும். டயர் சத்தம் என்று நினைத்து டயரை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். மிச்ச அதிர்ச்சி, ஆக்சிலை வளைந்த நிலையிலும் சுழலவிடும் மூட்டான சி.வி. ஜாயின்டுக்குப் போகிறது. அங்கேயும் குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் மெல்லிய கூடு.

ஒன்றிரண்டு மிதமான அடி தப்பில்லை, லேசாகப் பிடித்த ஆக்சில் அதிலேயே விட்டுவிடும். ஆனால் வெறும் நுனியில் அடிக்காதீர்கள். பழைய நட்டை, அதன் முகமும் ஷாஃப்ட் நுனியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை திருகி வைத்து, பித்தளைக் கட்டை கொடுத்து அடியுங்கள். ஐந்தாறு அடியில் அசையவில்லை என்றால் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த இடத்தில் பிடிவாதம் பிடிப்பதுதான் செலவை வைக்கிறது.

திருகித் தள்ளிப் பிரித்தெடுக்கும் கருவியான புல்லர் இருக்கிறதே என்பீர்கள். அதிலும் எல்லாப் புல்லரும் ஒன்றல்ல. மூன்று கால் புல்லரை பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் மாட்டி இழுக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் டிஸ்க் ஹப்பின் முகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், சக்கரத்தின் போல்ட்டுகள்தான் அதை இறுக்குகின்றன. அதை இழுத்தால் டிஸ்க் கோணுமே தவிர ஆக்சில் அசையாது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் டிஸ்க்கையும் முதலில் எடுத்துவிடுங்கள். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். சக்கர போல்ட்டுகள் இருக்கும் இடத்திலேயே பிடித்து நிற்கிற ஹப் புல்லர்தான் இதற்குச் சரி. அது ஹப்பைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலைத் தள்ளுகிறது. விசை அந்த இரண்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுவதால் பேரிங் அதில் மாட்டுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, புல்லர் கையில் இல்லாவிட்டால் வாடகைக்காவது எடுங்கள் என்பேன்.

புல்லரின் திருகுக்கு கிரீஸ் தடவி, அதன் கூர்முனையை ஷாஃப்ட் நுனியில் இருக்கும் சின்னக் குழியில் உட்கார வையுங்கள். நன்றாக இறுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். திருகின் தலையில் ஒரு தட்டு, மறுபடி கால் சுற்று, மறுபடி காத்திருத்தல். இம்பாக்ட் கன்னை வைத்து ஒரேயடியாக ஓட்டினால் புல்லரின் மரைதான் உரியும். ஆக்சில் விடும்போது ‘டக்’ என்று துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம் வரும், முகத்தை நேரே வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் வந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆக்சிலின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள்ஜாயின்ட் கொஞ்ச தூரம்தான் உள்வாங்கும். அதற்கு மேல் தள்ளினால் விசை கியர்பாக்ஸுக்குள் போய்விடும். அதன் பிறகு கீழே பிடித்திருக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்டைக் கழற்றி, பேரிங்கைத் தாங்கி நிற்கும் துண்டான நக்கிளை வெளியே சாய்த்து ஆக்சிலை எடுங்கள். அப்போது ஆக்சிலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. உள்ஜாயின்ட் பிரிந்து ரோலர்கள் பூட்டுக்குள் உதிர்ந்தால் வேலை இரட்டிப்பாகும்.

எண்ணெய் விஷயத்தில் அவசரம்தான் தவறு. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு ஐந்தாவது நிமிடம் சுத்தியலைத் தூக்குகிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே அடியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம். வெளியிலிருந்து மட்டும் அடித்தால் போதாது, நக்கிளின் பின்பக்கம் ஜாயின்ட் ஹப்பைச் சந்திக்கும் இடத்திலும் அடிக்க வேண்டும். பிரேக் பேடில் ஒரு துளி பட்டாலும் அந்தப் பேடை நம்ப முடியாது.

கேஸ் வைத்துச் சூடாக்குவது எனக்குப் பிடிக்காத வழி. பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் உருகி ஓடும், சீல் கருகும், ஏ.பி.எஸ். சென்சாரும் வயரும் பக்கத்திலேயே இருக்கின்றன. பேரிங்கை எப்படியும் மாற்றப் போகிறோம் என்று முடிவெடுத்தால் மட்டும் ஹப்பைச் சூடாக்கலாம், ஆக்சிலை அல்ல. ஸ்பிரே அடித்த ஈரத்தின் மேல் நெருப்பைக் காட்டவே கூடாது. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் சூடு வைத்தால் நச்சுப் புகை வரும், அது நுரையீரலைக் கெடுக்கும்.

புல்லருக்கும் மசியாத ஆக்சிலும் உண்டு. அப்போது நக்கிளையும் ஆக்சிலையும் ஒன்றாகவே இறக்கி, லேத் பட்டறையில் இருக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். அங்கே முட்டு ஹப்புக்குக் கொடுக்கிறார்களா, நக்கிளுக்குக் கொடுக்கிறார்களா என்று நின்று பாருங்கள். நக்கிளுக்குக் கொடுத்தால் மறுபடி பேரிங்தான் அத்தனை விசையையும் தாங்க வேண்டும்.

இன்னொரு தவறு, பலர் யோசிக்காமலேயே செய்வது. ஆக்சிலைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மட்டும் மாட்டி, காரைத் தரையில் இறக்கித் தள்ளிப் பார்க்கிறார்கள். பல கார்களில் பேரிங்கின் இரு பாதி வளையங்களையும் இறுக்கிச் சேர்த்து வைத்திருப்பதே அந்த ஆக்சில் நட்டுதான். அது இல்லாமல் காரின் எடை விழுந்தால் நல்ல பேரிங்கும் கெடும்.

திரும்ப மாட்டும்போது இரண்டு பக்கப் பற்களையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருப்பிடிக்க விடாத பேஸ்ட்டை மெல்லிசாக, பல்லில் மட்டும் தடவுங்கள். மரையில் பட்டால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவுக்கும் உண்மையான இறுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்காது. நட்டு புதிதாக இருக்கட்டும். பேரிங்கில் எடை விழாமல் இருக்க, கார் ஸ்டாண்டில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, உங்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கி, விளிம்பைப் பள்ளத்தில் மடக்கிவிடுங்கள்.