முற்றுரிமை விலை: எங்கே சறுக்குகிறோம்?

‘ஒரே ஆள் விற்றால் அவர் சொன்னதுதான் விலை.’ முற்றுரிமை என்றதும் பலரும் எழுதும் முதல் வரி இது. பாதிதான் சரி. விலையை அவர் சொல்லலாம். அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது அவர் கையில் இல்லை. அதைத் தேவைக் கோடு சொல்லும்.

மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழா, டூவீலர் ஸ்டாண்டு ஒருவருக்கே குத்தகை என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. 30 ரூபாய் என்றால் 100 வண்டி வரும். ஒவ்வொரு ரூபாய் குறைப்புக்கும் 10 வண்டி கூடும். டோக்கன், கூலி எல்லாம் சேர்த்து வண்டிக்கு 4 ரூபாய் செலவு. எல்லாம் கற்பனை எண்கள்தான்.

30-ஐ 29 ஆக்கினால் 10 வண்டி கூடுதலாக வருகிறது. வசூல் 290 கூடுமா? கூடாது. 30 கொடுக்கத் தயாராக இருந்த அந்த 100 பேருக்கும் ஒரு ரூபாய் குறைந்துவிட்டதே! 3,000 ரூபாய் 3,190 ஆகிறது, அவ்வளவுதான். இறுதிநிலை வருவாய், அதாவது இன்னொரு வண்டி வருவதால் மொத்த வசூலில் கூடும் தொகை, விலையைவிடத் தாழ்ந்து கிடப்பது இதனால்தான்.

அந்த வருவாய் 4 ரூபாய்ச் செலவுக்குச் சமமாகும் இடம் 180 வண்டி. லாபம் உச்சம் தொடுவது அங்கேதான்; அதற்கு மேல் வரும் வண்டி செலவைவிடக் குறைவாகவே தரும். பரீட்சைத் தாளில் மதிப்பெண் போவது இங்கேதான்: வரைபடத்தில் இறுதிநிலை வருவாய்க் கோடும் செலவுக் கோடும் வெட்டும் புள்ளியிலிருந்து நேரே இடப்பக்கம் போய், விலை 4 என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டும் புள்ளி சொல்வது அளவை மட்டும். விலைக்கு அங்கிருந்து தேவைக் கோடு வரை மேலே ஏற வேண்டும். 22 ரூபாய் கிடைக்கும். லாபம் 3,240. அதிக வசூல் வருவது 20 ரூபாயில்தான், 4,000. ஆனால் லாபம் 3,200 ஆகிவிடும்.

இனி, ஊரே நம்பும் ஒரு தவறு. “ஏலம் அதிகத்துக்குப் போயிருச்சுண்ணே, அதான் ரேட்டு” என்பார் ஸ்டாண்டுக்காரர். ஏலத் தொகை 1,000 ஆனாலும் 2,000 ஆனாலும் வண்டி எண்ணிக்கையோடு அது மாறுவதில்லை. 2,000 கட்டியவர் 22-ல் நின்றால் கையில் 1,240 மிஞ்சும். ஆத்திரத்தில் 30 ஆக்கினால் 600 தான். உண்மை தலைகீழ்: போட்டியில்லாமல் 22 வாங்கலாம் என்பதால்தான் ஏலம் ஏறுகிறது. 3,240-க்கு மேல் கேட்டு எடுத்தவருக்கு நஷ்டம். முற்றுரிமை இருந்தால் லாபம் நிச்சயம் என்பதும் இதனால் அடிபட்டுப் போகிறது.

வண்டிக்கு ஒரு ரூபாய் வரி போட்டால் கதை வேறு. செலவு 5 ஆகும், விலை 22.50 ஆகும். வரியின் பாதிதான் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. நேர்கோட்டுத் தேவைக்கு மட்டுமே இந்தப் பாதிக் கணக்கு.

விலை ஏறுவது மட்டுமே சமூகத்துக்கு நஷ்டம் என்று நிறுத்திவிடுவதும் தவறு. கூடுதல் விலை ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகிறது. கட்டணம் 4 ஆக இருந்தால் 360 வண்டி நிற்கும்; இப்போது பாதி வெளியே. அவர்கள் இழந்த 1,620 ரூபாய்ப் பயன் (தேவைக் கோட்டுக்கும் செலவுக் கோட்டுக்கும் நடுவே உள்ள முக்கோணம்: 180 × 18 ÷ 2) குத்தகைதாரருக்கும் கிடைக்கவில்லை, யாருக்குமே கிடைக்கவில்லை.

முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறினால் அதையும் முற்றுரிமை என்பவர்கள் உண்டு. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் பூ கொண்டுவரும் விவசாயிகள் ஏராளம். தனியாக யாராலும் விலையை அசைக்க முடியாது. பூ குறைவு, கேட்பவர் அதிகம், அதனால் ஏறுகிறது. 2013-ல் மதுரை மல்லிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் (ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்ட அடையாளம்) யாரையும் ஒற்றை விற்பனையாளர் ஆக்கிவிடவில்லை.