ஆரத்தித் தண்ணீரில் ஒரு மூச்சு: நுரையீரலைப் புரிந்துகொள்ள சில வீட்டுச் சோதனைகள்

மூச்சை அடக்கி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டுகிறது. ஏன் என்று கேட்டால், "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு" என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு உதவப் போன இடத்தில்தான், உடம்பு அதைவிடக் கவனமாகக் கணக்கு வைப்பது கரியமிலவாயுவுக்கு என்று புரிந்தது. அதை நீங்களே செய்து பார்க்கலாம்.

தேவையானவை: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு பலூன், உறிஞ்சுகுழல்கள், கொஞ்சம் களிமண், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, மஞ்சள்தூள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

படி 1: எண்ணுங்கள்

ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? உங்கள் மூச்சை நீங்களே எண்ணினால் கணக்கு தப்பும். கவனித்த உடனே மூச்சின் போக்கு மாறிவிடும். டி.வி. பார்த்துக்கொண்டிருப்பவரின் மூச்சை அவருக்குத் தெரியாமல் எண்ணுங்கள். நர்ஸ்கள் நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவதும் இதனால்தான். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும்.

படி 2: பாட்டிலில் ஒரு மார்புக்கூடு

பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். உறிஞ்சுகுழலின் ஒரு முனையில் பலூனைக் கட்டி, பலூன் உள்ளே தொங்கும்படி வாய்வழியாக நுழைத்து, இடைவெளியைக் களிமண்ணால் அடையுங்கள். இன்னொரு பலூனைப் பாதியாக வெட்டி, அடிப்பக்கத்தில் தோல்போல இழுத்துக் கட்டுங்கள். இப்போது அந்தத் தோலைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் பலூன் உப்பும். உப்பவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. முதலில் களிமண்ணைப் பாருங்கள்.

பலூனை யாரும் ஊதவில்லை என்பதைக் கவனியுங்கள். காற்று புகுவதால் மார்பு விரிகிறது என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. மார்பு விரிவதால்தான் காற்று புகுகிறது, கொல்லன் பட்டறைத் துருத்தியைப்போல. கீழே கட்டிய தோல்தான் உதரவிதானம், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை. அது சுருங்கிக் கீழிறங்கும்போது விலா எலும்புகளும் மேலெழும்ப, உள்ளே இடம் கூடி அழுத்தம் குறைகிறது. உடனே வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. மூச்சை விடுவதற்கு, சும்மா இருக்கும்போது, தனி முயற்சியே வேண்டாம். நுரையீரல் ரப்பர்போலத் தானே சுருங்கிக்கொள்ளும்.

இந்த மாதிரியில் ஒரு குறை உண்டு. பலூனைச் சுற்றி நிறைய காலி இடம் தெரிகிறது. நிஜத்தில் நுரையீரல் மார்புச் சுவரோடு, நடுவே மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருக்க, ஒட்டினாற்போல் இருக்கும்.

இன்னொன்று, நுரையீரல் காலிப் பையும் அல்ல. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அப்புறம் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக என்று இருபது தடவைக்கு மேல் கிளைத்து, கடைசியில் கோடிக்கணக்கான நுண்ணறைகளில் முடிகிறது. வாயு பரிமாற்றம் நடப்பது அங்கேதான். ஆனால் நாம் இழுக்கும் சுமார் 500 மி.லி. காற்றில் 150 மி.லி. வழியில் உள்ள குழாய்களிலேயே தங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் நுண்ணறைக்குப் போவது 4,200 மி.லி. அதே ஆறு லிட்டரை 250 மி.லி. வீதம் 24 குட்டி மூச்சாக இழுத்தால் 2,400 மி.லி.தான். மேலோட்டமாக வேகமாக மூச்சு விடுபவர் களைத்துப்போவதில் ஆச்சரியம் என்ன?

படி 3: ஆரத்தி

கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, தெளியும்வரை வையுங்கள். தெளிந்த நீரில் இரண்டு ஸ்பூன் மட்டும் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் விட்டு, சிட்டிகை மஞ்சள்தூள் சேருங்கள். ஆரத்திச் சிவப்பு வந்துவிடும். சுண்ணாம்பு காரம். காரத்தில் மஞ்சள் சிவக்கும்.

இப்போது உறிஞ்சுகுழலால் அதில் ஊதுங்கள். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. குழலின் மேல்பகுதியில் குண்டூசியால் ஓர் ஓட்டை போட்டால், மறந்து உறிஞ்சினாலும் தண்ணீர் ஏறாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் கண்ணாடி அணியுங்கள். சிறுவர்களைத் தனியே விடாதீர்கள். தலை கிறுகிறுத்தால் நிறுத்தி, நிதானித்து ஊதுங்கள்.

சில நிமிடங்களில் சிவப்பு வெளுத்து மஞ்சளுக்குத் திரும்பும். எங்களுக்கு முதல் தடவை திரும்பவே இல்லை. கலங்கல் சுண்ணாம்பை அப்படியே ஊற்றியிருந்தோம், ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டம்ளரில் சைக்கிள் பம்பால் அதே நேரம் காற்றடியுங்கள். நிறம் அசையாது. வெளிக்காற்றில் கரியமிலவாயு சுமார் 0.04 சதவீதம், நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம். நூறு மடங்கு!

கரியமிலவாயு தண்ணீரில் கரைந்தால் அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பின் காரத்தைத் தணித்ததால்தான் சிவப்பு போனது. கோலி சோடா நாக்கில் சுருக்கென்று பிடிப்பதும் இதே அமிலம்தான். நம் ரத்தத்திலும் இதே கதை நடக்கிறது. ரத்தத்தின் காரஅமில அளவு (pH) 7.35-லிருந்து 7.45-க்குள் நிற்க வேண்டும். செல்கள் ஓயாமல் கரியமிலவாயுவைக் கொட்டுவதால், மூச்சு அதை வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் அந்த அளவு நிற்கும். சிறுநீரகமும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் அதற்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். நுரையீரலுக்கு நிமிடங்கள் போதும். சர்க்கரை நோய் கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறியவர்கள் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சிழுப்பது இதனால்தான். அவர்களை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

படி 4: அடக்கிப் பாருங்கள்

உட்கார்ந்தபடி, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, இயல்பாக இழுத்த மூச்சை அடக்குங்கள். முட்டத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள், வீம்பு வேண்டாம். இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்கவும். ஆரோக்கியமானவருக்கு, முட்டும் நேரத்திலும் மீட்டர் பெரும்பாலும் 95-க்கு மேலேயே காட்டும். விரலுக்குச் செய்தி தாமதமாக வரும் என்பதால் மேலும் அரை நிமிடம் பாருங்கள். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது. நெஞ்சை முட்டவைத்தது முகுளம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள அது, கரியமிலவாயு கொஞ்சம் ஏறினாலே "இழு" என்று கட்டளையிடும். 1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது.

அடுத்து, இரண்டு மாடி ஏறி இறங்கிவிட்டு மறுபடி அடக்குங்கள். முன்பு தாங்கிய நேரத்தில் பாதிகூடத் தாங்காது. தசைகள் கரியமிலவாயுவை அள்ளிக் கொட்டுகின்றன அல்லவா.

இதைத் தெரிந்துகொண்டு சிலர் குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள்: கிணற்றில் முங்கும் முன் வேகவேகமாக மூச்சு விட்டுக் கரியமிலவாயுவைக் குறைத்துக்கொள்வது. அதிக நேரம் முங்கலாம், உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் அதற்கேற்பக் கூடுவதில்லை. எச்சரிக்கை மணி அடிக்கும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியிலேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் எங்கும் செய்யாதீர்கள்.