கொடும்பாளூர் வேளிர் வம்சாவளி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வெட்டு ஆர்வம் வந்த புதிதில் பலரும் கைவைக்கும் குடும்பம், கொடும்பாளூர்ச் சிற்றரசர்களான இருக்குவேளிர். சோழருக்குப் பெண் கொடுத்தவர்கள், சோழரிடம் பெண் எடுத்தவர்கள், சோழர் படையை நடத்திப் போனவர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் அவர்களுடைய மூவர் கோயில் இன்றும் நிற்கிறது. ஆனால் எனக்கு வந்து சேரும் வம்சாவளிப் படங்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் கோணுகின்றன. நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் இடறிய இடங்கள்தான் அவை. ஊர்ப் பெயர் மாறுவது, எழுத்து விடுபடுவது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நாவல் பாத்திரங்கள்

வம்சாவளியில் ஏற்றாதீர்கள்.

பெயரின் முன்பாதி எல்லாம் தகப்பன் பெயர் அல்ல

மறவன் பூதி என்றால் மறவனின் மகன் பூதி. சரி. அதே கணக்கை 'மதுராந்தக இருக்குவேள்' என்பதற்கும் போட்டால், மதுராந்தகன் என்று இல்லாத ஒரு தகப்பன் முளைத்துவிடுவான். அது மேலே இருந்த சோழ அரசனின் பெயர். சிற்றரசர் தம் அரசனின் பெயரைப் பட்டமாகச் சூடிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். 'செம்பியன் இருக்குவேள்' என்பதில் இருக்கும் செம்பியனும் சோழன்தான். சுந்தர சோழர் காலத்தில் ஈழப் போரில் உயிர்விட்ட பராந்தகன் சிறியவேளாரின் பெயரை இரண்டு விதமாகவும் படிக்க இடமுண்டு. அங்கே புள்ளிக்கோடு போடுங்கள்.

பூதி என்ற பெயரைப் பார்த்ததும் கொடும்பாளூரில் சேர்ப்பதும் வேண்டாம். நார்த்தாமலையில் கோயில் எடுத்த சாத்தன் பூதியை முத்தரையர் வரிசையில்தான் வைக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரே பெயர் புழங்கியிருக்கிறது.

ஒரே ஒரு போரைப் பிடித்துக்கொண்டு காலம் கட்டுவது

இதைப் பார்க்கும்போது இன்னும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இந்த ஒன்று தவறினால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை திருமணங்களும் தவறிவிடும்.

இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த நீண்ட தலைமுறைப் பட்டியல் மூவர் கோயிலின் நடு விமானச் சுவரில் இருக்கிறது. சமஸ்கிருதம், கிரந்த எழுத்து. முதல் பெயர் சிதைந்துவிட்டது. பிறகு பரவீரஜித், வீரதுங்கன், அதிவீரன் என்று இறங்கி, நிருபகேசரி, பரதுர்க்கமர்தனன், சமராபிராமன், கடைசியாகக் கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரி வரை வருகிறது. ஆண்டு கிடையாது. எந்தச் சோழனின் ஆட்சியாண்டும் கிடையாது. இருப்பதெல்லாம் வெற்றிகள்: பரதுர்க்கமர்தனன் வாதாபியை வென்றவன். சமராபிராமன் அதிராஜமங்கலத்தில் சளுக்கியைக் கொன்றவன். விக்கிரமகேசரி பல்லவப் படையின் குருதியால் காவிரியைச் சிவக்க வைத்தவன், வீரபாண்டியனை வென்றவன், வஞ்சிவேளை அழித்தவன்.

ஒரு மாணவர் பெரிய சார்ட் தாளில் படம் வரைந்து கொண்டுவந்தார். வாதாபி என்றதும் நரசிம்மவர்மப் பல்லவனின் வெற்றி நினைவுக்கு வந்து, பரதுர்க்கமர்தனன் பக்கத்தில் சிவப்பு மையில் 642 என்று எழுதியிருந்தார். இரண்டு கட்டம் கீழே விக்கிரமகேசரி, பக்கத்தில் 890. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே ஏறக்குறைய 250 ஆண்டு! கோடுகள் அளவெடுத்த மாதிரி நேராக இருந்ததால் அது அவர் கண்ணில் படவே இல்லை. 642ஐ நம்பினால் பேரன் 700ஐ ஒட்டி வாழ்ந்திருக்க வேண்டும், 890ஐ நம்பினால் வாதாபி வெற்றி வேறொன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் வைக்கவே முடியாது.

இன்னொரு கூட்டம் வீரபாண்டியனைப் பிடித்துக்கொள்ளும். சுந்தர சோழரின் மகன் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று பட்டம் பூண்டவன், ஆகவே விக்கிரமகேசரி சுந்தர சோழர் காலம் (10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி), முடிந்தது என்பார்கள். அப்படியானால் அந்தப் பல்லவப் படை எங்கிருந்து வந்தது? அபராஜிதப் பல்லவனை ஆதித்த சோழன் வீழ்த்தியது 9ஆம் நூற்றாண்டின் கடைசியில். வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி விக்கிரமகேசரியைச் சுந்தர சோழர் காலத்தில் வைத்தார், எஸ்.ஆர். பாலசுப்ரமணியம் ஆதித்த சோழன் காலத்துக்குக் கொண்டுபோனார். இருவரும் எல்லாத் தடயங்களையும் மேசையில் பரப்பி வாதாடியவர்கள். ஒரு தடயத்தை எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடுவது வேறு விஷயம்.

எதிரியின் பெயரை விடத் திருமணம் நல்ல பிடி. திருச்செந்துறைக் கோயிலைக் கற்றளியாக (கற்கோயிலாக) எடுத்த பூதி ஆதித்த பிடாரி, தென்னவன் இளங்கோவேளாரின் மகள், முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் தேவி. ஊர், தகப்பன், கணவன், மாமனார் எல்லாம் கல்லிலேயே கிடைக்கிறது. பராந்தகன் அரியணை ஏறியது 907இல். அவனுடைய மருமகளைப் பெற்றவர் ஏறத்தாழ அவன் தலைமுறைக்காரராக அல்லது சற்று மூத்தவராக இருப்பார். இந்த இளங்கோவேளாரும் விக்கிரமகேசரியும் ஒருவரே என்று கொண்டால் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி கைவிட்டுப் போகிறது. இருவரும் வேறு என்றால், பிடாரியின் தகப்பனுக்குத் தனிக் கட்டம் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் சரி, காரணத்தைப் படத்திலேயே எழுதி வையுங்கள்.

பெயரை வைத்து மாமனார் தேடுவது

சமராபிராமனின் மனைவி அனுபமா சோழ இளவரசி. அவ்வளவுதான் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. உடனே விஜயாலயனை அவளுக்குத் தகப்பனாக்கி அழுத்தமாகக் கோடு போட்டுவிடுகிறார்கள். விக்கிரமகேசரியின் தேவியர் கற்றளி, வரகுணை. வரகுணை என்றதும் வரகுண பாண்டியன் மகள் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் காட்டுவதில்லை.

கற்றளிக்குப் பராந்தகன், ஆதித்தவர்மன் என்று இரண்டு மகன்கள். சோழ அரசர்களின் பெயர் வைத்திருப்பதால் அவர்கள் சோழ இளவரசர்கள் ஆகிவிட மாட்டார்கள். வரகுணைக்குப் பிள்ளை சொல்லப்படவில்லை என்பதற்காக அவளுக்குப் பிள்ளையே இல்லை என்றும் எழுதக்கூடாது. தன் பெயரிலும் இரு தேவியர் பெயரிலுமாக மூன்று விமானம் எடுத்தான் விக்கிரமகேசரி. வடக்கே இருந்ததில் இப்போது அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

பரகேசரி, ராஜகேசரி

இவை சோழ அரசர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். கல்லில் பட்டம் மட்டும் இருந்தால் அரசன் பெயரை நீங்களாக நிரப்ப வேண்டாம்.