‘இல்லை’ என்ற பதிலும் வரக்கூடிய கேள்வி: முதுநிலைக் கணினி ஆய்வேட்டுக்கு முதல் படிகள்

“டீப் லேர்னிங் மூலம் பக் ரிப்போர்ட்களைக் கையாளுதல்.” (பக் ரிப்போர்ட் என்பது மென்பொருளில் கண்ட பிழையைப் பற்றிய பதிவு.) ஆய்வுத் தலைப்பு கேட்டால் பலரும் இப்படி ஒன்றைத்தான் எழுதிக்கொண்டு கைடிடம் போகிறோம். நானும் போயிருக்கிறேன். இது ஒரு வேலையின் பெயர், கேள்வி அல்ல. மென்பொருள் ஒன்றைக் கட்டி, ஓடுகிறது என்று காட்டினால் இளநிலை ப்ராஜெக்ட்டுக்குப் போதும். முதுநிலையில் தேர்வாளர் கேட்பது வேறு: இத்தனை மாத உழைப்பில் முன்பு தெரியாத எது இப்போது தெரிந்தது?

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

மேலே உள்ள தலைப்பையே எடுத்துக்கொள்வோம்.

முதல் முயற்சி: “பக் ரிப்போர்ட்களுக்கு டீப் லேர்னிங் பயன்படுமா?” ஏதோ ஒரு விதத்தில் பயன்படத்தான் செய்யும். இதற்கு ஒரு வருடம் தேவையில்லை.

இரண்டாவது: “ஒரே பிழையை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்திருந்தால், அந்த நகலைத் தானாகக் கண்டுபிடிக்க முடியுமா?” பரவாயில்லை, ஆனால் ‘முடியும்’ என்று ஏற்கெனவே பலர் காட்டிவிட்டார்கள்.

மூன்றாவது: “தலைப்பு, விளக்கம் இரண்டோடு ஸ்டாக் டிரேஸையும் சேர்த்துக் கொடுத்தால், சரியான மூல ரிப்போர்ட் முதல் 10 பரிந்துரைக்குள் வரும் விகிதம் கூடுமா?” (ஸ்டாக் டிரேஸ் என்பது நிரல் பிழையில் நின்றபோது எந்தெந்தச் செயற்கூறுகள் வழியாக அங்கே வந்தது என்று காட்டும் பட்டியல்.)

இதற்கு ‘கூடாது’ என்றும் பதில் வரலாம். நான் பார்ப்பது இதைத்தான். பதில் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அது ஆய்வுக் கேள்வி இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: எதை மாற்றுவது (டிரேஸ்), எதை அளப்பது (முதல் 10), எதோடு ஒப்பிடுவது (டிரேஸ் இல்லாத வடிவம்) என்ற மூன்றும் இந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

படி 2: வாசித்து, கேள்வியைத் திருத்துங்கள்

கூகுள் ஸ்காலர், டிபிஎல்பி (கணினி அறிவியல் பேப்பர்களின் பட்டியல் தளம்) இரண்டிலும் தேடுங்கள். பொருத்தமான பேப்பர் நான்கைந்து கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டு, அவற்றின் மேற்கோள் பட்டியலில் பின்னோக்கிப் போங்கள். அப்புறம் அவற்றை மேற்கோள் காட்டிய பேப்பர்கள் வழியாக முன்னோக்கி வாருங்கள். வெறும் சொல் தேடலில் சிக்காத பேப்பர்கள் இதில் சிக்கும். பேப்பர்களை முன்பதிப்பாகவே ஏற்றிவைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் கிடைக்கும் பிரதி, சக ஆய்வாளர் மதிப்பீட்டைத் தாண்டியது என்று சொல்ல முடியாது. மாநாட்டிலோ இதழிலோ வெளியான வடிவம் இருந்தால் அதையே மேற்கோள் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காதீர்கள். கணினி ஆய்வாளர் எஸ். கேசவ் 2007-ல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் மூன்று சுற்று வாசிப்பைச் சொல்கிறார். முதல் சுற்று 5 முதல் 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இரண்டாவது சுற்றில் படங்களையும் வரைபடங்களையும் கவனித்து ஒரு மணி நேரம் வரை. மூன்றாவதில் அந்த வேலையை நீங்களே மறுபடி செய்வதுபோல மனதுக்குள் கட்டிப் பார்ப்பது. புதியவர்களுக்குப் பல மணி நேரம் ஆகும். பெரும்பாலான பேப்பர்கள் முதல் சுற்றோடு நின்றுவிடும், நிற்கட்டும்.

நம் உதாரணத்தில் இந்த வாசிப்பு ஒரு அடி கொடுக்கும். ரிப்போர்ட்டின் மொழியையும் நிரல் ஓடியபோது பதிவான தகவலையும் சேர்த்து நகல் கண்டுபிடிக்கும் பேப்பர் 2008-லேயே வந்துவிட்டது! பதற வேண்டாம். அந்தக் காலத்து முறைகள் சொற்களை எண்ணி ஒப்பிட்டவை. இன்றைய மொழி மாடல்கள் விளக்கத்தின் பொருளையே ஓரளவு பிடித்துவிடுகின்றன. அப்படியானால் டிரேஸ் இன்னும் எதையாவது கூட்டித் தருமா? இப்போது கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. இதுதான் ரிசர்ச் கேப், அதாவது முந்தைய ஆய்வுகள் விட்டுவைத்த இடைவெளி. ‘இதை யாரும் செய்யவில்லை’ என்று எழுதுவது ஆபத்து. யார் எதுவரை செய்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று எழுதுங்கள்.

படி 3: உங்களையே ஏமாற்றிக்கொள்ளாத சோதனை

ஆய்வேட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் எளிய பேஸ்லைன், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை முறை. எக்லிப்ஸ், மொஸில்லா திட்டங்களின் பக் ரிப்போர்ட்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. அவற்றில் டிஎஃப்-ஐடிஎஃப் (சொற்களை எண்ணி எடைபோட்டு ஒப்பிடுவது) போன்ற பழைய முறையை ஓட்டி ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாடல் இதைத் தாண்டாவிட்டால் அதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து, தரவைப் பிரிப்பது. கலைத்துப்போட்டுப் பிரித்தால் 2012-ல் வந்த ரிப்போர்ட் பயிற்சியிலும் 2010-ல் வந்தது சோதனையிலும் விழும். நடைமுறையில் எந்தக் கருவியும் எதிர்காலத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. தேதிப்படி வெட்டுங்கள்: பழையவை பயிற்சிக்கு, புதியவை சோதனைக்கு. மதிப்பெண் இறங்கும். இறங்கிய எண்தான் உண்மை.

பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரேஸையும் சேர்த்து, மாடலையும் மாற்றினால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, 1,000 நகல் ரிப்போர்ட்களில் 61.2 சதவீதம் 61.9 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது வெறும் 7 ரிப்போர்ட். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை) மாற்றி ஓட்டினால் தலைகீழாகவும் ஆகலாம். குறைந்தது 5 சீடுகளில் ஓட்டி, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு முறைகளையும் ஒரே ரிப்போர்ட்கள் மீது ‘கிடைத்தது, கிடைக்கவில்லை’ என்று ஒப்பிடும்போது மெக்நிமர் சோதனை (வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) பொருந்தும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: எல்லா ரிப்போர்ட்டிலும் ஸ்டாக் டிரேஸ் இருக்காது. டிரேஸ் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்தும் அளந்து பாருங்கள். மொத்தச் சராசரியில் கரைந்துபோன பதில் அங்கே தெளிவாகத் தெரியக்கூடும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, கிட் கமிட் எண் (நிரலின் எந்தப் பதிப்பு என்று காட்டும் அடையாளம்), சீட், அமைப்பு, விடை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்காத ஒரு வரைபடத்தை மறுபடி உருவாக்கப் 10 நாள் போனது.

படி 4: எழுதும் வரிசை

முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். சோதனை ஓடும்போதே செய்முறை அத்தியாயத்தை எழுதுங்கள், விவரங்கள் அப்போதுதான் நினைவில் இருக்கும். அடுத்து முடிவுகள், பிறகு முந்தைய ஆய்வுகள், முன்னுரை. சுருக்கம் கடைசியில்.

முந்தைய ஆய்வுகள் பகுதி பெரும்பாலும் இப்படிக் கெடும்: “அ 2010-ல் ஒரு முறையை முன்வைத்தார். ஆ 2014-ல் இன்னொன்றை முன்வைத்தார்.” இது மளிகைப் பட்டியல். ஆட்களை விட்டுவிட்டுக் கருத்துகளை அடுக்குங்கள்: “சொல் ஒற்றுமையை நம்பும் முறைகள் [3, 7] வேறு சொற்களில் எழுதிய நகல்களைத் தவறவிடுகின்றன. செயலோட்டத் தகவலைச் சேர்த்தவை [5, 11] அந்தக் குறையைக் குறைத்தன. ஆனால் டிரேஸ் உள்ள ரிப்போர்ட்களைத் தனியாக அளக்கவில்லை.” எண்களும் கூற்றும் கற்பனைதான், வடிவத்தைப் பாருங்கள். கடைசி வாக்கியம் வாசகரை உங்கள் கேள்வியின் வாசலில் கொண்டுவந்து விடுகிறது.

முடிவுகளில் ‘நிரூபித்தோம்’ என்று எழுதத் தோன்றும். இரண்டு திட்டங்களின் தரவில் நிரூபணம் கிடையாது. “இந்த இரு திட்டங்களில், டிரேஸ் உள்ள ரிப்போர்ட்களில் மட்டும் விகிதம் கூடியது” என்பது பலவீனமாகத் தெரியலாம். வைவாவில் நின்று காப்பாற்ற முடிகிற வாக்கியம் அதுதான்.

படி 5: மேற்கோள்கள்

மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோட்டீரோ மென்பொருளில் சேர்த்து, பிப்டெக் (மேற்கோள் பட்டியல்) கோப்பாக எடுத்து, ஆய்வேட்டை எழுதும் லேடெக்கில் பயன்படுத்துங்கள். தானாக வரும் பதிவுகளை நம்பிவிடாதீர்கள். பல பாணிகள் தலைப்பில் உள்ள பெரிய எழுத்துச் சுருக்கப் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கிவிடும். நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டால் தப்பும். சாட்பாட் தந்த மேற்கோள் என்றால் அந்தப் பேப்பரைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள். இல்லாத பேப்பருக்கும் அழகான தலைப்பும் பக்க எண்ணும் அவை தருவதுண்டு.