சிறுநீரகம் எதையெல்லாம் திருப்பி எடுக்கிறது? ஒரு தாளில் வரைந்து பார்ப்போம்

நாகர்கோவில் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நெஃப்ரான், அதாவது சிறுநீரகத்துக்குள் வடிகட்டும் நுண்குழல், அதன் படத்தை அழகாக வரைந்து பாகம் குறித்துவிடுவார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். சரி, ஒரு தாளும் மூன்று பேனாவும் எடுங்கள். சர்க்கரைக்குச் சிவப்பு, உப்புக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். எது உடம்புக்குத் திரும்புகிறதோ, அதன் நிறத்தில் குழலிலிருந்து வெளியே ஓர் அம்பு போடுவோம்.

முதலில் ஒரு கிண்ணம், அதிலிருந்து ஒரு சுருள் குழல், கீழே போய் மேலே திரும்பும் கொண்டை ஊசி வளைவு, மறுபடி சின்னச் சுருள், கடைசியில் நேராக இறங்கும் குழாய். கிண்ணத்தருகே 180 லிட்டர் என்று எழுதுங்கள், இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளில் வடிகட்டுவது அவ்வளவு. குழாய் நுனியில் 1.5 லிட்டர். வீட்டுச் சாமானை எல்லாம் முற்றத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைக்கிற ஆள் இது.

அடுத்து முதல் சுருள், இங்கேதான் நிதானம் வேண்டும். சுவரிலுள்ள ஒரு செல்லைப் பெரிதாக வரையுங்கள். அதன் இரத்தப் பக்கத்தில் ஒரு பம்ப், 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதனால் செல்லுக்குள் சோடியம் குறைய, குழலில் கிடக்கும் சோடியம் உள்ளே வர முண்டும், வரும்போது எஸ்ஜிஎல்டி2 என்ற வாசலில் குளுக்கோஸையும் கையோடு கூட்டிவரும். குளுக்கோஸுக்கென்று தனிச் செலவு கிடையாது, ஓசிப் பயணம்தான். சர்க்கரை வியாதி இல்லாதவர் காலையில் ரெண்டு டம்ளர் அக்கானி (பதநீர்) குடித்தாலும் சிறுநீரில் இனிப்பு வராதது இதனால்தான். வாசல்களுக்கும் ஓர் அளவு உண்டு, இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிச்சம் வழிந்துவிடும். (இந்த 180 வேறு, அந்த 180 வேறு. வருஷா வருஷம் யாராவது குழப்புவார்கள்.)

தண்ணீருக்குப் பம்ப் கிடையாது, உப்பு போகிற பக்கம் அதுவும் போகும். கருவாட்டுக்குச் சாளையில் உப்புப் போட்டு மூடிய சட்டியை மறுநாள் திறந்தால் நீர் ஊறி நிற்குமே, அதே கதை. உப்பிலும் நீரிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சுருளிலேயே திரும்பிவிடும், சிவப்புக்கு இதோடு வேலை முடிந்தது.

அப்புறம் வளைவு. இறங்கும் பக்கம் நீல அம்பு மட்டும், ஏறும் பக்கம் பச்சை மட்டும். ஏறும் பக்கம் உப்பை வெளியே விட்டுத் தண்ணீரை விடாததால், சுற்றியுள்ள இடம் புத்தளம் உப்பளம் மாதிரி கரிக்கும். சின்னச் சுருளில் மிச்ச உப்பு கொஞ்சம் திரும்பும்.

கடைசிக் குழாய் அந்தக் கரிப்புக்குள்தான் இறங்குகிறது. உடம்பில் தண்ணீர் குறையும்போது சுரக்கும் ஏடிஎச் ஹார்மோன் வந்தால் அக்வாபோரின் என்ற தண்ணீர்க் கதவுகள் கூடும், நீர் குழாயை விட்டு வெளியே இழுபட்டு உடம்புக்கே திரும்பும். சித்திரை வெயிலில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தண்ணி குடிக்காமல் நின்ற அன்று சிறுநீர் மஞ்சளாய்க் கொஞ்சம்தான் வரும், ரெண்டு இளநீர் குடித்த அன்று கதவுகள் குறைந்து வெளுப்பாய் நிறையப் போகும். அதனால் இந்தக் குழாயின் நீல அம்புகளை மட்டும் பென்சிலில் போடுங்கள்.